"இலவச டெமோ" என்று வீட்டுக்கு வந்தார்கள், 48,000 ரூபாய் போனது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டார் தயவுசெய்து படியுங்கள்

நேற்று காலை பத்து மணிக்கு என் மாமியாருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. "உங்க மருமக லோன் கட்டலை. நீங்கதானே ரெபரன்ஸ்? நீங்க கட்டுறீங்களா?" என்று எவனோ கேட்டிருக்கிறான். அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கிப் பழகாதவர். கை நடுங்க எனக்கு போன் போட்டு, "கண்ணு, என்ன லோன் வாங்கின?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 48,000 ரூபாய். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 19,500. அதாவது கிட்டத்தட்ட இரண்டரை மாத உழைப்பு. நாலரை வயதுப் பையனுக்கு, எல்கேஜி படிக்கிறவனுக்கு, டேப்லெட்டில் (டேப் என்பார்கள்) பாடம் சொல்லித்தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்திடம் அது போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வழக்குப் போடப் போகிறாய், அதற்கு முன்னால் பெயரை எழுதாதே என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

ஆரம்பித்தது ஒரு பொருட்காட்சியில். வாசலில் ஒரு ஸ்டால், கலர் பலூன், "குழந்தைகள் திறனறித் தேர்வு, முற்றிலும் இலவசம்" என்று ஒரு பேனர். பையன் பலூன் கேட்டான். பலூன் வேண்டுமானால் ஃபார்ம் நிரப்ப வேண்டுமாம். பேர், வயது, என் போன் நம்பர். நிரப்பிக் கொடுத்தேன். நாலாம் நாள் போன்: "மேடம், உங்க பையன் செலக்ட் ஆகியிருக்கான். எங்க கவுன்சிலர் வீட்டுக்கே வந்து டெமோ காட்டுவார். பணம் எதுவும் கட்ட வேண்டாம்." பையன் எந்தத் தேர்வும் எழுதவில்லை. எழுதாத தேர்வில் எப்படித் தேர்வானான் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தம்பி வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். செருப்பை வெளியே விட்டு, அத்தைக்கு வணக்கம் சொல்லி, தரையில் பையனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் ஷிப்ட்டில் இருந்தார். நானும் அத்தையும் எட்டாவது படிக்கும் மூத்தவளும்தான் வீட்டில்.

முதலில் பையனிடம் நாலைந்து கேள்வி கேட்டான். யானைக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டச் சொன்னான். பதினேழும் எட்டும் எவ்வளவு என்றான். எல்கேஜி பிள்ளை எப்படிச் சொல்லும்? பையன் என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அந்தத் தம்பி ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம்தான் கேட்டான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்ப்பான்?"

நான் உண்மையைச் சொன்னேன். சாப்பிடும்போது அரை மணி நேரம். நான் வேலைவிட்டு வந்து சமைக்கும்போது இன்னொரு அரை மணி நேரம். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலைக்குப் போகும் எந்தத் தாயையும் கேளுங்கள், இந்தக் கூச்சம் இருக்கும். போன் கொடுப்பது தப்பு என்று தெரியும். கொடுக்காவிட்டால் அடுப்பில் வேலை நடக்காது. தினமும் கொடுத்துவிட்டு தினமும் மனசு உறுத்தும்.

அவன் சொன்னான்: "போனைப் புடுங்கினா அழுவான்க்கா. நாம புடுங்கவே வேண்டாம். அவன் பார்க்கிற அதே நேரத்தைப் படிப்பா மாத்திடலாம். என் அக்கா பொண்ணுக்கும் இதுதான் போட்டுக் கொடுத்திருக்கேன்."

நான் அவனை நம்பியது அந்த இடத்தில்தான். அவன் காட்டிய செயலியையோ அதில் சுழன்ற யானைப் படத்தையோ நான் நம்பவில்லை. என் மனசில் இருந்த உறுத்தலுக்கு ஒரு மருந்து இருக்கிறது என்று ஒருவன் சொன்னதை நம்பினேன். அதோடு, கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது மூத்தவள் மூன்றாம் வகுப்பு முழுக்க போனிலேயேதான் படித்தாள். அப்போது ஆசிரியர்களே போன் வாங்கிக் கொடுங்கள் என்றார்கள். போனில் படிப்பு வரும் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

விலை 72,000 என்றான். நான் எழுந்துவிட்டேன். உடனே மேனேஜருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டான். அந்த மேனேஜர், "பையன் பிரைட்டா இருக்கான்னு சொல்றீங்க, சரி, 48,000க்கு முடிச்சுக் கொடுங்க, ஆனா இன்னிக்கு ஒன்பது மணிக்குள்ள" என்றார். மணி அப்போது எட்டே முக்கால். "6,000 மட்டும் இப்போ. மீதி மாசம் 3,500, வட்டியே கிடையாது. 15 நாள்ல பிடிக்கலைன்னா டேபைக் கொடுத்துட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கங்க. நான் இருக்கேன்லக்கா."

அத்தை மட்டும், "இத்துனூண்டு பையனுக்கு எதுக்குக் கண்ணு இவ்வளவு பணம்?" என்றார். நான் அவரை அடக்கினேன். அதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

ஆதார், பான் கார்டு இரண்டையும் படம் எடுத்துக்கொண்டான். என்னை ஒரு செல்ஃபி எடுக்கச் சொன்னான். "டெலிவரிக்கு" என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேரின் நம்பர் வாங்கினான். அதில் ஒன்று அத்தையின் நம்பர். என் போனை அவன் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு ஓடிபி வரும்க்கா, ரிஜிஸ்ட்ரேஷனுக்கு" என்றான். மூன்று ஓடிபி வந்தன. மூன்றையும் சொன்னேன். மறுநாள் அந்தக் குறுஞ்செய்திகளை நிதானமாகப் படித்தேன். ஒன்று கடன் ஒப்பந்தத்துக்கு நான் கொடுத்த மின்கையெழுத்து. இன்னொன்று என் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க நான் கொடுத்த மேன்டேட். தவணை என்று அவன் சொன்னது, நான் பேர்கூடக் கேள்விப்படாத ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பேரில் 42,000 ரூபாய் கடன். லோன் என்ற சொல்லை அந்த மூன்று மணி நேரத்தில் அவன் ஒருமுறைகூட வாயில் எடுக்கவில்லை.

ஆறாம் நாள் டேப் வந்தது. நாலு நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பாட்டு ஓடும், ஒரு கேள்வி வரும், நாலு படம் இருக்கும். சரியான படத்தைத் தொட்டால் நட்சத்திரம் வெடிக்கும். பையன் கேள்வியைக் கேட்பதே இல்லை. நட்சத்திரம் வருகிற வரை நாலையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போவான். அதன் கணக்கில் அவன் நன்றாகப் படிக்கிறான் என்று எனக்கு தினமும் செய்தி வந்தது. ஒரு மணி நேரம் போன் பார்த்தவன் இரண்டு மணி நேரம் டேப் பார்த்தான். படிப்புதானே என்று நானும் விட்டேன். பிடுங்கினால் கத்துவான். ஒருநாள் அத்தையின் கையைக் கடித்துவிட்டான். பாட்டியிடம் கதை கேட்டுச் சாப்பிடும் பழக்கம் கொஞ்சம் இருந்தது, அதுவும் போயிற்று.

கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான் என்று குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் டேப் விஷயம் கேட்டதும், "அஞ்சு வயசுக்குள்ள எல்லாத் திரையும் சேர்த்து நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடாது. அதுவும் பெரியவங்க பக்கத்துல இருக்கணும். ரெண்டு வயசுக்குள்ள அறவே வேண்டாம்" என்றார். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது இதுதானாம். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறது. பாடம், பாட்டு, கார்ட்டூன் எதுவானாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். இரண்டு மணி நேரப் பாடத்தை நாலரை வயதுப் பிள்ளைக்கு விற்கும்போது அவர்களுக்கு இது தெரியாதா?

பத்தாம் நாள் அந்தத் தம்பிக்கு போன் போட்டு, வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இன்னும் நாலு நாள் பாருங்கக்கா, டைம் இருக்கு" என்றான். பதினாலாம் நாள் போட்டேன். "ஊர்ல இருக்கேன்க்கா, திங்கக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்." திங்கள் வந்தது, அவன் வரவில்லை. பதினாறாம் நாள் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், "உங்க 15 நாள் முடிஞ்சுடுச்சு மேடம்" என்கிறார்கள். டேப் வந்தே பத்து நாள்தானே ஆகிறது என்றேன். ஆர்டர் போட்ட நாளிலிருந்து கணக்காம். மூத்தவள்தான் அந்த விதிமுறைகளைத் தேடி எடுத்து, பல பக்கம் தள்ளிப்போய் ஒரு மூலையில் அந்த வரியைக் காட்டினாள். அவன் என்னை அந்த 15 நாள் கழியும்வரை பேசிப் பேசியே உட்கார வைத்திருக்கிறான். பேசியதெல்லாம் போனில். எழுத்தில் என்னிடம் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் கை வலிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல், முதலிலிருந்து முழுக் கதை, ஒரு புகார் எண், "48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." ஏழு புகார் எண் இருக்கிறது. ஒருவரும் கூப்பிடவில்லை. ஃபைனான்ஸ் கம்பெனியைக் கேட்டால், "அவங்க கேன்சல் பண்ணி மெயில் போட்டாத்தான் நாங்க நிறுத்துவோம்." இவர்களைக் கேட்டால், "லோன் விஷயம் அவங்ககிட்ட பேசுங்க." வங்கிக்குப் போனேன். மேன்டேட்டை நிறுத்தலாம், எழுதிக் கொடுங்கள், ஆனால் கடன் அப்படியேதான் இருக்கும், சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிவாங்கும் என்றார்கள். கடைசியாக அந்தத் தம்பி ஒருநாள் போனை எடுத்தான். "அக்கா, நான் வேற கம்பெனிக்கு மாறிட்டேன்" என்றான். அவ்வளவுதான். அவனுக்கும் மாதம் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று டார்கெட் இருந்திருக்கும். இருக்கட்டும், என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து என் காபியைக் குடித்தவன் அவன்.

முதல் தவணை 3,500 எடுத்துவிட்டார்கள். இரண்டாவதுக்குக் கணக்கில் பணம் இல்லை. தவணை திரும்பியதற்கு அபராதமாக வங்கி 590 பிடித்தது, ஃபைனான்ஸ் கம்பெனி தன் பங்குக்கு 590 போட்டது. இதுவரை கையைவிட்டுப் போனது 10,680. இன்னும் கட்டச் சொல்வது 38,500. எல்லாம் அந்த 48,000 ரூபாய்க்காக.

இப்போது தேடித் தேடிப் படிக்கும்போதுதான் தெரிகிறது, 2021 டிசம்பரிலேயே மத்தியக் கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை விட்டிருக்கிறது. இலவசம் என்று சொல்லி ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல் வாங்குகிறார்கள், தெரியாமல் எந்தக் கடனிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அப்படியே என் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். ரிசர்வ் வங்கியும் 2022இல் டிஜிட்டல் கடனுக்கு விதி போட்டிருக்கிறது. கடனின் முழு விவரத்தையும் ஒரு தாளில் தர வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் மட்டும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேறலாம். அந்தத் தாள் என் மெயிலில் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? 42,000 என் கணக்குக்கு வரவே இல்லை, நேராக அவர்களுக்குப் போய்விட்டது. திருப்பிக் கட்ட நான் எங்கே போவேன்?

சின்னப் பிள்ளைகளுக்கு போன் கொடுக்கலாமா கூடாதா என்று எங்கள் தெருவில் தினமும் பேச்சு நடக்கிறது. என் வீட்டில் இனி ஐந்து வயதுவரை கிடையாது, அதற்குப் பிறகும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான். கொடுக்கிற தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் கொடுத்தவள். ஆனால் அரை மணி நேரம் கார்ட்டூன் கொடுத்தால் அது கார்ட்டூன் என்று நமக்குத் தெரியும், நிறுத்தத் தோன்றும். படிப்பு என்று பேர் வைத்துவிட்டால் நிறுத்தவே தோன்றுவதில்லை. எனக்கு நடந்தது அதுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். ஸ்டாலில் பலூனுக்காக நம்பர் கொடுக்காதீர்கள். ஓடிபி கேட்டால் போனை உங்கள் கையில் வாங்கி, செய்தியை முழுதும் படியுங்கள். மேன்டேட், லோன் என்று இருந்தால் ஆளை வெளியே அனுப்புங்கள். இன்றைக்குள் என்று சொன்னால் நாளைக்கு வரச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே மெயிலில் எழுதுங்கள், போனில் பேசியது எதுவும் நிற்காது. மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடன் கொடுத்த கம்பெனிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரத்துக்கு 14448. 5 லட்சம் வரை உள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம்.

நாளைக்குக் காலையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருக்கிறேன். ஏழு புகார் எண்களையும் மூத்தவள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். டேபைப் பெட்டியில் போட்டுக் கட்டி பீரோ மேலே வைத்துவிட்டேன். பையன் அத்தையின் மடியில் தூங்குகிறான்.