பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்க் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரெயூனியனில் பழைய பிரெஞ்சு சைக்கிள் சாமான் தேடி அலைகிறவர்கள் நம் ஆட்களில் ஒரு பத்துப் பேராவது இருப்பீர்கள். நீல வரிபோட்ட துண்டின்மேல் வைத்துப் படம் எடுத்த கிராங்க் (பெடல் மாட்டும் கை) விளம்பரம் கண்ணில் பட்டால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னிடம் 1970களின் பிரெஞ்சு பிரேம் ஒன்று இருக்கிறது. எல்லாம் சேர்ந்துவிட்டது, கிராங்க் மட்டும் இல்லை. அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது: ஸ்ட்ராங்லைட் என்ற பிரெஞ்சு கம்பெனியின் 93 மாடல், ஜோடியாக, அதிகம் ஓடாதது, 160 யூரோ. பாரிசிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, வரி என்று எங்கேயோ போய் நிற்கும். இங்கேயே கிடைக்கிறதே என்று வெள்ளிக்கிழமை காலை சேன் போல் சந்தைக்கு ஓடினேன். ஆள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கார் டிக்கியைத் திறந்து துண்டை விரித்தார். கண்ணாடி மாதிரி மின்னியது.

எனக்கும் கொஞ்சம் தெரியும் என்ற திமிர் வேறு. பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். பல்சக்கரத்தைப் பிடிக்க ஐந்து போல்ட் உள்ள கிராங்கில், பக்கத்துப் பக்கத்து இரண்டு போல்ட்டுகளை மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து 1.7-ஆல் பெருக்கினால் போல்ட் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். எனக்கு வந்தது 71.7 மி.மீ.; அதாவது 122. ஸ்ட்ராங்லைட் 93-க்கு உரிய அளவு அதுதான். இத்தாலியக் கம்பெனி காம்பக்னோலோவின் ரெக்கார்டாக இருந்தால், 1960களின் கடைசியிலிருந்து வந்தவற்றுக்கு 144. பல்சக்கரத்தின் பற்களும் கூர்மையாகத் தேயாமல் ஒழுங்காக இருந்தன. சரி, அசல்தான் என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். அசல்தான், அதில் அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பெடலை மாட்டினேன். என்னிடம் இருப்பது பழைய பிரெஞ்சு பெடல், 14 மி.மீ. அச்சு, மரை இடைவெளி 1.25 மி.மீ. வலது பக்கம் வெண்ணெய் மாதிரி ஏறியது. இடது பக்கம் லொடலொடவென்று ஆடியது. யாரோ அதை மட்டும் இங்கிலீஷ் அளவுக்கு, அதாவது 9/16 அங்குலத்துக்கு, மரை போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் 0.29 மி.மீ.தான். அப்படி மாற்றுவது ஒன்றும் குற்றமில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும், விற்கும்போது சொல்லவும் வேண்டும். பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் நீளமும் வேறு: ஒன்றில் 170 என்று பொறித்திருக்கிறது, இன்னொன்றில் 175. ஜோடியாம்!

லெ போர்ட்டில் வேலை செய்யும் காரைக்கால் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கைவைத்தது நான் தொடவே தொடாத தூசி மூடியில், அதாவது கிராங்கின் அச்சுத் துளையை மூடும் மூடியில். கழற்றினார், டார்ச் அடித்தார், சிரித்தார். "அண்ணே, நீங்களே பாருங்க." உள்ளே புல்லர் (கிராங்கை அச்சிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவி) மாட்டும் மரை, மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி கிடந்தது.

இது பழைய பிரெஞ்சு கிராங்குகளுக்கே உரிய வில்லங்கம். மற்ற கம்பெனிகளுக்குப் பொதுவாக 22 மி.மீ. புல்லர் போதும். டி.ஏ. என்ற இன்னொரு பிரெஞ்சு கம்பெனிக்கு 23, பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. டி.ஏ. புல்லர் ஸ்ட்ராங்லைட்டுக்குள் தளர்வாக ஏறிவிடும், அதுதான் ஆபத்து. ஏறுகிறதே என்று நம்பி முறுக்கினால் மரையை வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்புறம் அந்தக் கையை அச்சில் ஒருமுறை இறுக்கிவிட்டால், ஒழுங்காகக் கழற்ற வழியே இல்லை.

அதோடு விட்டிருந்தால்கூட ஏதோ ஒப்பேற்றியிருப்பேன். தம்பி இடது கையின் பெடல் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தேய்த்தார். வெள்ளைத் தூளில் ஒரு மயிரிழைக் கோடு மெல்ல ஈரமாகி எழுந்து வந்தது. துளையின் ஓரத்தில் தொடங்கி வெளிப்புறமாக, ஒரு அரிசி நீளம். பெடல் அச்சின் விளிம்பு அலுமினியத்தை அழுத்தி அழுத்தி அந்த இடத்தில்தான் விரிசல் விடும். காம்பக்னோலோவுக்கு இன்னொரு இடமும் உண்டு: வலது கையும் பல்சக்கரக் கிளையும் சேரும் மூலை. இரண்டையுமே பாலிஷ் போட்டு மேலோட்டமாக மறைத்துவிடலாம். நகத்தால் தடவினால்கூடத் தட்டுப்படாது, எனக்குத் தட்டுப்படவில்லை.

சேன் லூயியிலிருந்து சிலாவோஸ் போகும் சாலையில் 400-க்கும் மேல் வளைவு. அங்கே எழுந்து நின்று மிதிக்கும்போது அந்தக் கை முறிந்திருந்தால்? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அந்த ஆளுக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. மறுநாள் கணக்கே காணோம். பணம் போனது போனதுதான். பல்சக்கரங்களை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். விரிசல் விட்ட கையை யாரும் பொறுக்கி எடுத்துவிடக் கூடாது என்று இரும்பு ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டேன்.

இத்தனையையும் இப்போது எழுதக் காரணம், நேற்று இன்னொரு விளம்பரம் பார்த்தேன். பெயர் வேறு, ஊர் சேன் பியேர், இந்த முறை டி.ஏ. கிராங்க், 190 யூரோ. தூசி மூடி போட்டபடியே படம், பின்புறப் படம் ஒன்றுகூட இல்லை. துண்டு மட்டும் அதேதான். ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணக் கறையைக்கூட மாற்றவில்லை.