ஸ்டோமா பை: ஒற்றையா, இரட்டையா?

மலமோ சிறுநீரோ வெளியேற அறுவையில் வயிற்றில் அமைக்கும் திறப்புதான் ஸ்டோமா; அதைச் சேகரிக்க மேலே ஒட்டுவது ஸ்டோமா பை. ஒற்றைப் பையில், தோலில் ஒட்டும் தட்டும் பையும் சேர்ந்தே வரும். வளைந்துகொடுக்கும், வயிற்று மடிப்புகளில் நன்றாகப் படியும். ஆனால் மாற்றும்போதெல்லாம் தோலிலிருந்து மொத்தமாக உரிக்க வேண்டும். இரட்டையில் தட்டு 3, 4 நாள் தோலிலேயே இருக்கும், பையை மட்டும் கழற்றலாம். எளிதில் புண்படும் தோலுக்கு என் ஓட்டு இதற்கே. ஆனால் தட்டையும் பையையும் இணைக்கும் வளையம் சரியாகப் பூட்டவில்லை என்றால் அங்கேயே கசியும், அது தனித் தலைவலி.

எந்த வகையானாலும், ஸ்டோமாவுக்காகத் தட்டில் வெட்டும் துளையின் அளவு தப்பினால் கசிவுதான். அறுவைக்குப் பின் முதல் 6–8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால் சுற்றியுள்ள தோல் வெந்துபோகும். ஸ்டோமாவை அளந்து, அதைவிட 2–3 மி.மீ. மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். தோலைத் தண்ணீரால் கழுவி, ஈரமில்லாமல் ஒட்டுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்யுங்கள். தட்டுக்கு அடியில் அரித்தால் மேலே டேப் ஒட்டிச் சமாளிக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.