டெல்லியின் தலைவர், கராச்சியின் தலைவர்: அரசியல் நிர்ணய சபைகளின் தொடக்கம்

1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் நாட்டின் அரசியலமைப்பை எழுதுவதற்கான இந்திய அரசியல் நிர்ணய சபை முதன்முறையாகக் கூடியது. எட்டு மாதம் கழித்து, 1947 ஆகஸ்ட் 10 அன்று, கராச்சியில் பாகிஸ்தானின் சபை கூடியது. ஒரே ஆட்சிமுறையிலிருந்து பிரிந்து வந்தவர்கள், கையில் இருந்ததும் அதே 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். ஆனால் டெல்லி சபை மூன்றாண்டு முடிவதற்குள் வேலையை முடித்துவிட்டது. கராச்சி சபையோ ஏழாண்டு இழுபறிக்குப் பிறகு கலைக்கப்பட்டது. காரணங்கள் பல உண்டு. அவற்றில் நாம் போதிய அளவு பேசாத ஒன்று, சபைத் தலைவர் பதவியை இரு தரப்பும் தொடக்கத்தில் எப்படி அமைத்தன என்பது.

முதலில் தற்காலிகத் தலைவர்கள். டெல்லியில் சச்சிதானந்த சின்ஹா. வயதில் மூத்தவர் என்ற மரபுப்படி, காங்கிரஸ் தலைவர் கிருபளானி முன்மொழிய, 75 வயதில் அந்தப் பொறுப்பை ஏற்றார். கராச்சியில் ஜோகேந்திரநாத் மண்டல். வங்காளத்தின் தலித் தலைவர். 1946இல் அம்பேத்கர் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வாக உறுதுணையாக இருந்தவர். முஸ்லிம்களுக்கென்று பிறந்த நாட்டின் சபை, தன் முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஒரு தலித் இந்துவை அழைத்தது. இந்த ஒரு விஷயத்தில் கராச்சியின் தேர்வே உயர்ந்தது என்பேன். சின்ஹாவின் தேர்வு முறையானது, அவ்வளவுதான். மண்டலின் தேர்வில் ஒரு வாக்குறுதி இருந்தது. அது காப்பாற்றப்படவில்லை என்பது பெரிய வேதனை. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராகவும் இருந்த அவர், 1950 அக்டோபரில் பதவி விலகி இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

அடுத்து நிரந்தரத் தலைவர்கள். இங்கேதான் பாதை பிரிகிறது. டெல்லியில் டிசம்பர் 11 அன்று ராஜேந்திர பிரசாத் போட்டியின்றித் தேர்வானார். அவரும் வெறும் சபைத் தலைவர் அல்ல. இடைக்கால அரசில் உணவு, விவசாய அமைச்சர். ஆனால் அரசின் தலைமை அவரிடம் இல்லை. குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நேரு. சிறுபான்மையினர் உரிமைகளுக்கான ஆலோசனைக் குழு படேலிடம், வரைவுக் குழு 1947 ஆகஸ்ட் முதல் அம்பேத்கரிடம். துணைத் தலைவராக எச்.சி. முகர்ஜி இருந்ததால், பிரசாத் உடல்நலம் குன்றியபோதும் கூட்டங்கள் நிற்கவில்லை. இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். அதே உறுப்பினர்கள் சாதாரணச் சட்டமன்றமாகக் கூடும்போது, 1947 நவம்பர் முதல் மாவலங்கர் சபாநாயகராக அமர்ந்தார். அரசியலமைப்பு எழுதும்போது பிரசாத், அன்றாடச் சட்டம் இயற்றும்போது மாவலங்கர்.

கராச்சியில் ஆகஸ்ட் 11 அன்று ஜின்னா ஒருமனதாகத் தேர்வானார். கோயிலுக்கோ மசூதிக்கோ போக எல்லோருக்கும் சுதந்திரம் உண்டு என்று அவர் பேசிய உரையைப் பலரும் அறிவார்கள். அதே உரையில் சபைக்கு இரண்டு வேலை என்றும் சொன்னார்: அரசியலமைப்பை எழுதுவது, நாட்டின் சட்டமன்றமாக இயங்குவது. சரி, இந்த இரண்டு வேலை டெல்லிக்கும் இருந்ததுதான். ஆனால் சில நாட்களில் ஜின்னாவே கவர்னர் ஜெனரலாகவும், அதாவது பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாக நாட்டின் தலைமைப் பதவியில் இருப்பவராகவும் ஆனார். சபையின் தலைவரும் சபையின் சட்டங்களுக்கு ஒப்புதல் தர வேண்டிய இடத்தில் இருப்பவரும் ஒரே மனிதர்.

அவர் உயிரோடு இருந்தவரை இது சிக்கலாகத் தெரியவில்லை. அரசியலமைப்பு தொடர்பாகச் சபை இயற்றும் சட்டத்துக்குச் சபைத் தலைவரின் கையெழுத்து போதுமா, கவர்னர் ஜெனரலின் ஒப்புதலும் வேண்டுமா என்ற கேள்வி அப்போது உறைக்கவே இல்லை. 1948 செப்டம்பர் 11 அன்று ஜின்னா காலமானார். சபைத் தலைமை தமீசுத்தீன் கானிடமும் கவர்னர் ஜெனரல் பதவி வேறொருவரிடமும் போனது. தலைவரின் கையெழுத்தே போதும் என்றுதான் சபை நடந்துகொண்டது. ஆனால் அதை அசைக்க முடியாதபடி உறுதிசெய்து வைக்கவில்லை.

டெல்லியில் 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு ஏற்கப்பட்டபோது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நம் ராஜாஜி. அவருடைய ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. சபைத் தலைவர் பிரசாத் கையெழுத்திட்டார், முடிந்தது. சபைக்கு மேலே யாரும் இல்லை என்பதை டெல்லி செய்துகாட்டிய விதம் இது. இதைவிட முக்கியமான நடைமுறை முடிவு அந்தச் சபையில் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன்.

கராச்சியில் அந்தக் கேள்விக்கு விலை கொடுத்தார்கள். கவர்னர் ஜெனரலின் அதிகாரத்தைக் குறைக்கச் சபை 1954 செப்டம்பரில் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த மாதம், அக்டோபர் 24 அன்று, கவர்னர் ஜெனரல் குலாம் முகமது சபையையே கலைத்துவிட்டார். தமீசுத்தீன் கான் அடங்கிப் போகவில்லை. சிந்து தலைமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். ஒரு சபைத் தலைவர் தன் சபைக்காக இப்படி நின்றது மரியாதைக்குரியது. தலைமைப் பண்பில் அவர் பிரசாத்துக்குக் குறைந்தவரே அல்ல. குறை அவருக்குக் கிடைத்த பதவியின் அமைப்பில் இருந்தது.

1955 மார்ச்சில் பாகிஸ்தானின் அப்போதைய மிக உயர்ந்த நீதிமன்றமான ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் இல்லாததால், சிந்து நீதிமன்றம் எந்தச் சட்டப்பிரிவின்படி வழக்கை ஏற்றதோ அந்தப் பிரிவே செல்லாது என்றார் தலைமை நீதிபதி முனீர். அரசியலமைப்பு இயற்றும் சபைக்கு அப்படி ஒரு ஒப்புதல் தேவையே இல்லை என்று மாறுபட்டு எழுதியவர் நீதிபதி கார்னீலியஸ் ஒருவர்தான்.