என் கடன் அறிக்கையை நானே எடுத்துப் பார்க்கிறேன்: திருகோணமலையிலிருந்து ஓர் அனுபவம்

இந்தியாவில் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி வருகிறவர்கள், வங்கிக் கடன் பற்றி என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கிறிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். கிறிப் (CRIB) என்பது இலங்கையின் கொடுகடன் தகவல் பணியகம்; யார் என்ன கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்ற விபரம் அங்கே இருக்கும். பல வருடமாக என் அறிக்கையை இடைக்கிடை எடுத்துப் பார்த்து வருகிறேன். நடுவில், என் அடையாள அட்டையை வைத்து யாரோ கடனுக்குப் பிணை நின்றிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்து, அதைத் தீர்க்க அலைந்ததும் உண்டு. அந்த அலைச்சலில் எது உதவியது, எது உதவவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. நாங்கள் குடும்பமாக இந்தியாவுக்குப் படகேறியதும் அதே வருடம்தான். அப்போது நான் சின்னப் பிள்ளை. 2012இல் திரும்பி வந்தபோது எனக்கென்று இங்கே ஒரு ரூபாய்க் கடன் வரலாறும் இருக்கவில்லை. முகாமில் மகளிர் குழுவில் கடன் எடுத்து ஒரு தவணை பிந்தாமல் கட்டியிருக்கிறேன். அதற்கான புத்தகமும் கைவசம் இருந்தது. ஆனால் இங்கே வங்கியில் அதைக் காட்டி என்ன பயன்? உள்ளூரில் பிடிக்கிற சீட்டும், தெரிந்தவர்களிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கிற கைமாற்றும்கூட இந்த அறிக்கையில் ஏறாது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வாகனம் போன்றவற்றைத் தவணையில் கொடுக்கிற லீசிங் கம்பனிகளும் அனுப்புகிற விபரம் மட்டும்தான் ஏறும்.

ஊரில் 'கிறிப்பில் பெயர் விழுந்திட்டுது' என்று சொல்லும்போது, அது ஏதோ கறுப்புப் பட்டியல் மாதிரி ஒரு பயம் தொனிக்கும். அப்படி ஒரு பட்டியல் அங்கே இல்லை. ஒழுங்காகக் கட்டிய கடனும் கட்டாத கடனும் சேர்ந்தே அங்கே இருக்கும். தவணை எத்தனை நாள் பிந்தியது என்பதை 30, 60, 90 நாள் என்று பிரித்துக் காட்டுவார்கள். நீங்கள் வாங்கிய கடன் ஒரு பக்கம், நீங்கள் பிணை நின்ற கடன் இன்னொரு பக்கம். எந்தெந்த நிறுவனம் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தது என்பதும் தெரியும். இப்போது 250இலிருந்து 900 வரை ஒரு புள்ளியும் போடுகிறார்கள். கடன் கொடுப்பதா இல்லையா என்று பணியகம் சொல்வதில்லை. அது கடன் கொடுக்கிறவரின் முடிவு.

நான் தொடங்கியது சிறிதாகத்தான். தையல் கடையில் சேர்த்த காசை நிலையான வைப்பில் போட்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்ட் எடுத்தேன். நூலும் லைனிங் துணியும் அதில் வாங்கி, மாதம் முடிய முழுத் தொகையையும் கட்டிவிடுவேன். புதிதாக வந்தவர்களுக்கு இந்த வழி எனக்கு இன்றும் பிடித்தமானது, ஏனென்றால் இதற்குப் பிணையாள் தேவையில்லை. திரும்பி வந்த குடும்பத்துக்கு யார் வந்து பிணைக் கையெழுத்து வைப்பார்கள்? அப்புறம் ஒரு மெஷின் தவணையில் எடுத்தேன். அதுவும் ஒழுங்காக முடிந்தது. அறிக்கையில் இரண்டே இரண்டு கடன், இரண்டும் சுத்தம்.

கடையைக் கொஞ்சம் பெரிதாக்கக் கடன் கேட்கலாம் என்று யோசித்தபோது, விண்ணப்பிக்க முன் வழக்கம்போல அறிக்கையை எடுத்தேன். பிணை நின்ற பகுதியில் ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங். தவணை இரண்டு மாதத்துக்கு மேல் பிந்தியிருந்தது. நான் ஒருவருக்கும் பிணை நின்றதில்லை. குச்சவெளியில் ஒரு விலாசமும் என் பெயரில் இருந்தது. அங்கே நாங்கள் ஒருநாளும் குடியிருந்ததில்லை.

கடன் வரலாறு நீளமாக இருக்கிறவருக்கு இப்படி ஒரு பதிவு வந்தால் பத்தோடு பதினொன்றாகப் போகும். என் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரிதான் முழு அறிக்கையும். மூன்றில் ஒன்று கெட்டுப்போனது என்றால் எந்த வங்கி நம்பும்? வருடக்கணக்காகக் கவனமாகக் கட்டிய பெயர் முகம் தெரியாத ஒருவரின் மோட்டார் சைக்கிளோடு போவதை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் ஒரு தம்பி இருக்கிறார். அவர் சொன்னதுதான் என்னை நிதானமாக்கியது. "அக்கா, உடனே களவு என்று முடிவெடுக்காதீங்கோ. இலக்கத்தை அடிக்கிறவர் ஒரு எண்ணை மாற்றி அடிச்சிருந்தாலும் இப்படி வரும். கம்பனியிட்டக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கோ." உண்மைதான். பழைய அட்டையில் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும். 2016இலிருந்து வருகிற புதிய அட்டையில் பன்னிரண்டு எண். ஒரே ஆளின் இலக்கம் சில இடத்தில் அப்படியும் சில இடத்தில் இப்படியும் எழுதப்படுகிறது. பிழை வர இடமிருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அடையாள அட்டை இலக்கம் ரகசியமான ஒன்றே இல்லை. பிறந்த வருடம், அதன் பின்னால் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். உங்கள் பிறந்தநாள் தெரிந்தவருக்குப் பாதி இலக்கம் தெரிந்த மாதிரித்தான். ஆகவே இலக்கம் மட்டும் சரியாக இருப்பதை வைத்து நான்தான் கையெழுத்து வைத்தேன் என்று யாரும் சாதிக்க முடியாது. கையெழுத்தையும் படத்தையும் பார்க்க வேண்டும்.

பணியகம் ஒரு பதிவைத் தானாக அழிக்காது, மாற்றாது. விபரத்தை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். இதை முதலிலேயே விளங்கிக்கொண்டால் கொழும்புக்கு ஓடுகிற காசு மிச்சம். நான் நேரே அந்த லீசிங் கம்பனிக்குப் போனேன். பெயர் வேண்டாம். வாசலில் இருந்தவர், "நிலுவையைக் கட்டிவிடுங்கள், பெயர் தானாகச் சுத்தமாகும்" என்றார். கேட்க இலகுவாக இருந்தது. ஆனால் வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய் கட்டினாலும் அதை நான் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இந்த இடத்தில் நிறையப் பேர் அலுத்துப்போய்க் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள்.

பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் கொடுத்தேன். ஒப்பந்தத்தின் பிரதி வேண்டும், அதில் என் கையெழுத்தைக் காட்டுங்கள் என்று தமிழில்தான் எழுதினேன். பதிவுத் தபாலில் ஒன்று, கையில் கொடுத்து முத்திரை வாங்கியது ஒன்று. பொலிஸிலும் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுத்து வைத்தேன். கள்ளக் கையெழுத்து குற்றம், அதைப் பதிவு செய்து வைப்பது உங்கள் பாதுகாப்புக்கு. பதில் இழுபட்டுக்கொண்டே போனது. வங்கித் தம்பிதான் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்று ஒரு பிரிவு இருப்பதையும், 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதையும் சொன்னார். திருகோணமலையில் மத்திய வங்கிக்குப் பிராந்திய அலுவலகமே இருக்கிறது. ஆனால் நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும், அதன் பிறகுதான் அங்கே போகலாம். 2023இல் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, முறைப்பாடுகளைக் கையாள ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, இனி மத்திய வங்கிக்கு எழுதுவேன் என்றும் சேர்த்தேன். அதற்குப் பிறகு கோப்பு கண்ணுக்குத் தெரிந்தது.

கோப்பில் இருந்தது என் அட்டையின் பிரதிதான். இலக்கப் பிழை இல்லை. மூலையில் வேறொருவரின் கையெழுத்தில் ஏதோ விண்ணப்ப எண் எழுதியிருந்தது. வேறு எதற்கோ நான் கொடுத்த பிரதி அது. திரும்பி வந்தவர்கள் எத்தனை இடத்தில் பிரதி கொடுக்கிறோம்: வீட்டுத்திட்டம், மின்சாரம், பாடசாலை, நிவாரணப் பட்டியல், சிம் அட்டை. எது எங்கிருந்து போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிணைக் கையெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில்தான் கையெழுத்து வைப்பேன், வங்கி அட்டையிலும் அடையாள அட்டையிலும் அப்படித்தான். தொலைபேசி இலக்கமும் என்னுடையது இல்லை. அந்தக் கடனைப் பிடித்துக் கொடுத்த முகவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது மனதில் ஒரு முள்தான். ஆனால் பிணையாளி நான் இல்லை என்று கம்பனி எழுதித் தந்தது. பணியகத்துக்கும் திருத்தி அனுப்பியது. கடிதம் கிடைத்தவுடன் அறிக்கை மாறவில்லை, கொஞ்சம் காத்திருந்து மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் உறுதிப்படுத்தினேன். அந்தப் பார்வை முக்கியம். கடிதத்தை நம்பி அதைத் தவறவிடக் கூடாது.

நீண்ட நாள் பாவித்தவள் என்ற முறையில் சொன்னால், கைத்தொலைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம் என்பது வெளியூர்க்காரருக்குப் பெரிய வசதி. பிணைப் பகுதியும், யார் என் விபரத்தைக் கேட்டார்கள் என்ற பகுதியும்தான் எனக்கு மிகப் பயன்பட்டவை. முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன். புள்ளியைக் கடைசியில் பார்த்தால் போதும். எடுத்த நாளின் நிலையை மட்டும்தான் அறிக்கை காட்டும் என்பதால், கடன் கேட்கிற நேரம் மட்டும் எடுப்பது போதாது. பழைய இலக்கம் இருப்பவர்கள் பழையது, புதியது இரண்டையும் கொடுத்துக் கேளுங்கள்.

இப்போது பிரதி கொடுக்கும்போது அதன் குறுக்கே, படத்தைத் தொடாமல், எதற்காக, யாருக்கு, என்ன திகதி என்று பேனையால் எழுதிவிடுகிறேன். அட்டையைப் பிடித்தபடி செல்பி கேட்கிற கடன் செயலிகள் பக்கம் போவதே இல்லை. போட்டோ கொப்பிக் கடையில் பிழையாக விழுந்த பிரதியையும் கேட்டு வாங்கி வருவேன்.

நிறுவனத்துக்கு எழுத வேண்டி வந்தால் கடிதத்தில் இவ்வளவு இருக்கட்டும்: உங்கள் இலக்கம் இரண்டு வடிவிலும், அறிக்கையில் அந்தப் பதிவு வந்த திகதி, 'இந்தக் கடனை நான் பெறவும் இல்லை, பிணை நிற்கவும் இல்லை' என்ற வசனம், ஒப்பந்தப் பிரதி வேண்டும் என்ற கோரிக்கை, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், பதிலுக்கு நீங்கள் கொடுக்கிற கடைசித் திகதி. கீழே, நீங்கள் வழக்கமாக வைக்கிற கையெழுத்து.