'நிஷ் மாற்றுங்கள் மேடம்' என்றார்கள்: இமெயில் மார்க்கெட்டிங் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் வீட்டிலிருந்தபடியே மாடித்தோட்டத்துக்கு வேண்டிய விதை, தேங்காய் நார்க்கழிவு, குரோ பேக், வேப்பம் புண்ணாக்கு எல்லாம் விற்கிறேன். 2019-ல் ஆரம்பித்த தொழில். 2024 மார்ச்சில் இமெயில் மார்க்கெட்டிங் சொல்லித் தருவதாக ஒரு பயிற்சியாளர் நடத்திய வெபினாரைப் பார்த்துவிட்டு 38,500 ரூபாய் கட்டினேன். ஆடி பிறப்பதற்குள் என் தொழில் பாதியாகிவிட்டது. பணம் போனதைக்கூட ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டேன். என்னை நம்பி முகவரி தந்தவர்களுக்கு நான் எழுதுவது போய்ச் சேராமல் போனதை இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதே வெபினார் இப்போதும் வாராவாரம் நடக்கிறது, நம்மைப் போல வீட்டுத் தொழில் செய்யும் பெண்கள்தான் அதிகம் சேர்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முன்பு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கண்காட்சியில் ஸ்டால் போடும்போது மேசையில் ஒரு நோட்டு வைத்திருப்பேன். விருப்பம் உள்ளவர்கள் பெயரும் மெயில் முகவரியும் எழுதிவிட்டுப் போவார்கள். ஐந்து வருடத்தில் 1,140 பேர் சேர்ந்தார்கள். தமிழ் மாதம் பிறந்ததும் ஒரு கடிதம் போகும். ஆனியில் மண் கலவை எப்படிப் போடுவது, ஆடியில் கத்தரி, மிளகாய், அவரை விதைப்பு, ஐப்பசி மழையில் பைக்குள் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது, மார்கழியில் அவரைக் கொத்தில் கருப்பாக அப்பும் அசுவினி. அசுவினி பற்றி எழுதுகிற மாதம் வேப்பெண்ணெய் தானாக விற்கும். ஆனிக் கடிதம் போன வாரம் நார்க்கழிவுக் கட்டிகள் தீர்ந்துவிடும். இதை நான் மார்க்கெட்டிங் என்று நினைத்ததே இல்லை.

பயிற்சியாளர் முதல் வகுப்பிலேயே இதைத் தூக்கிப் போடச் சொன்னார். "தோட்டம் பொழுதுபோக்கு மேடம், அதில் பணம் இல்லை. உலகத்தில் மூன்றே நிஷ்தான்: ஆரோக்கியம், பணம், உறவு." நிஷ் என்றால் நாம் எழுதவும் விற்கவும் எடுத்துக்கொள்ளும் துறை. எனக்கு அவர் ஒதுக்கித் தந்தது தொப்பை குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் மாத்திரையை அஃபிலியேட் லிங்க் (நமக்கென்று தரும் விற்பனை இணைப்பு) வைத்து விற்க வேண்டும், ஒரு விற்பனைக்குப் பாதிக்கு மேல் கமிஷன். ஒரு பாக்கெட் கத்தரி விதையில் எனக்கு நிற்பது எட்டு ரூபாய். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது மனசு ஆடிப்போனது உண்மை.

மருந்து சாப்பிட்டால் சர்க்கரை நோயோ உடல் பருமனோ குணமாகும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1954-லிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இந்த இரண்டு நோய்களும் பெயரோடு இருக்கின்றன. மாணவர்களை இந்த நிஷ்ஷில் இறக்கிவிடுகிற ஒருவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பிறகு ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. எழுதித் தந்த மெயில்களில் என்ன இருந்தது என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அடுத்தது லிஸ்ட். 1,140 பேர் பத்தாது என்று சொல்லி 9,000 ரூபாய்க்கு 42,000 முகவரிகள் உள்ள ஒரு எக்செல் கோப்பைக் கொடுத்தார். இவர்களெல்லாம் யார், எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "ஆர்வம் உள்ளவர்கள் மேடம், ஃபில்டர் பண்ணினது." அமெரிக்கச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் மெயில் அனுப்பலாம் என்றும் சொன்னார். அது பாதி உண்மை. 2003-ல் வந்த அந்தச் சட்டம் முன் அனுமதி கேட்கவில்லைதான். ஆனால் அனுப்புகிறவரின் தபால் முகவரி மெயிலில் இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னவரைப் பத்து வேலை நாளுக்குள் நீக்கிவிட வேண்டும் என்கிறது. அவர் தந்த மாதிரிகளில் தபால் முகவரியே இல்லை. அந்தக் கோப்பில் ஐரோப்பிய முகவரிகளும் இருந்தன, அங்கே விதிகள் இன்னும் கடுமை.

எல்லாவற்றுக்கும் மேலே, சட்டம் என்ன சொன்னாலும் மெயிலை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஜிமெயிலும் யாஹூவும்தான். 2024 பிப்ரவரியில், அதாவது நான் பணம் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டு நிறுவனங்களுமே விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயிலைப் பொறுத்தவரை, ஒரே நாளில் ஐயாயிரம் ஜிமெயில் முகவரிகள் அளவுக்கு ஒரு டொமைனிலிருந்து (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) மெயில் போய்விட்டால் நீங்கள் மொத்தமாக அனுப்புகிறவர், ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால் அந்தப் பெயர் நிரந்தரம். மெயில் நிஜமாகவே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும். வருகிற மெயிலை 'ஸ்பேம்' என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு ஒருவருக்குள் இருக்கப் பார்க்க வேண்டும், மூன்றை எட்டவே கூடாது. வகுப்பில் இதில் ஒன்றுகூட வரவில்லை. தினமும் ஏழாயிரம் அனுப்புங்கள் என்பதுதான் பாடம்.

மெயில் அனுப்பும் சேவைகள் பெரும்பாலானவற்றில் விலைக்கு வாங்கின லிஸ்ட்டை ஏற்றக் கூடாது, மெயில்சிம்ப் போன்றவை விதிமுறையிலேயே அதை எழுதி வைத்திருக்கின்றன. ஏற்றும்போது இந்த முகவரிகள் எப்படிக் கிடைத்தன என்று ஒரு கேள்வி வரும். "சொந்த வாடிக்கையாளர்கள் என்று போடுங்கள் மேடம், எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள்" என்றார். போட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நாலாவது நாள் கணக்கை முடக்கிவிட்டார்கள். செத்துப்போன முகவரிகள் ஆயிரக்கணக்கில் பவுன்ஸ் ஆகித் திரும்பியிருந்தன. இந்த மாதிரி கோப்புகளில் யாருமே பயன்படுத்தாத பழைய முகவரிகளும் கலந்திருக்குமாம், ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிக்க அவற்றைப் பொறியாக வைத்திருப்பார்களாம். அதற்கு மெயில் போனாலே நீங்கள் கேட்காமல் அனுப்புகிறவர் என்று தெரிந்துவிடும். உடனே பயிற்சியாளர் மாதம் 4,500 ரூபாய்க்குத் தன்னுடைய சர்வரை வாடகைக்குத் தந்தார். அதில் என் டொமைன் பெயரிலேயே மறுபடி ஆரம்பித்தோம். ஒரு நாள் விடாமல் மெயில். "இன்னும் 6 மணி நேரம்தான்" என்று ஒரு கடிகாரம் ஓடும். மறுநாளும் அதே 6 மணி நேரம். பன்னிரண்டாவது மெயிலுக்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த மாத்திரையை நான் பார்த்ததுகூட இல்லை.

அவர் சொல்லி என் 1,140 பேரையும் அதே லிஸ்ட்டில் சேர்த்திருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு காலை சிங்காநல்லூரிலிருந்து ஒரு போன். ரிட்டயர்டு டீச்சர் அம்மா, முதல் கண்காட்சியிலிருந்து என்னிடம் விதை வாங்குகிறவர். "ஏங் கண்ணு, உன்ற மெயில யாராச்சும் திருடிட்டாங்களா? தொப்பை கொறைக்கற மருந்துனு தெனம் உன்ற பேர்ல வருது. போலீசுல சொல்லு கண்ணு." திருடவில்லை டீச்சர், நான்தான் அனுப்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கிறேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு அத்தனையையும் நிறுத்தினேன்.

நிறுத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், எங்கள் தொழிலில் வருட வருமானத்தின் பெரும் பங்கு அந்த ஒரு மாதத்தில்தான். ஜூலை முதல் வாரமே விதை பாக்கெட் போட்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, வழக்கமான கடிதத்தையும் அனுப்பினேன். பதிலே இல்லை. பிறகுதான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், ஸ்பேம் ஃபோல்டரில் கிடக்கிறது என்று. பணம் கட்டி ஆர்டர் போட்டவர்களுக்குப் போகும் பில்லும் அங்கேதான் போய் விழுந்திருக்கிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே டொமைன். "காசு போயிருச்சு, பில்லு வரல, ஏமாத்துறீங்களா" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டது நியாயம்தானே.

வெங்காய விதை மற்ற விதைகள் மாதிரி இல்லை, ஒரு வருடத்திலேயே முளைப்பு விழுந்துவிடும். விற்காமல் நின்ற வெங்காய விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்த்தேன். முளைத்தது மூன்று. மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். அஃபிலியேட் பக்கம் விற்றது மூன்று பாட்டில், இரண்டு பேர் திருப்பி அனுப்ப அந்தக் கமிஷனைப் பிடித்துக்கொண்டார்கள். மீதி ஒன்று அவர்கள் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தொகையை எட்டாததால் கைக்கு வரவே இல்லை.

வெபினாரில் '30 நாளில் பணம் திரும்ப' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். கேட்டபோது, 90 நாள் விடாமல் மெயில் அனுப்பியிருந்தால்தான் தகுதி என்றார்கள். முப்பது நாள் உத்தரவாதத்துக்குத் தொண்ணூறு நாள் நிபந்தனை! அதன் பிறகு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இப்போது கட்டப் போகிறவர்களுக்கு என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நிஷ் என்பது எதில் கமிஷன் அதிகம் என்று பார்த்து எடுப்பதில்லை. முப்பதாவது கடிதத்தில் என்ன எழுதுவீர்கள் என்று உட்கார்ந்து யோசியுங்கள். பதில் உங்கள் கையிலேயே இருந்தால் அதுதான் உங்கள் நிஷ், அது தையல் அளவோ குழந்தைச் சாப்பாடோ மாட்டுத் தீவனமோ எதுவாக இருந்தாலும் சரி. சொல்வதற்கு விஷயம் இருக்கும்வரை விற்கவும் முடியும். லிஸ்ட்டை யாராவது விலைக்குத் தந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். சொல்லித் தருகிறவரிடம் அவருடைய கூகுள் போஸ்ட்மாஸ்டர் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். இலவசக் கருவிதான், எத்தனை பேர் ஸ்பேம் என்று அழுத்துகிறார்கள் என்று அதில் தெரியும். நான் கேட்டிருந்தால் அவர் முழித்திருப்பார். எண்பது சதவீதம் பேர் திறந்தார்கள் என்று படம் காட்டினால் நம்பாதீர்கள். 2021-லிருந்து ஆப்பிள் மெயில், ஆள் திறக்காவிட்டாலும் திறந்த மாதிரி கணக்குக் காட்டும். அப்புறம், பில் போகும் முகவரியையும் விளம்பரம் போகும் முகவரியையும் தனித்தனி சப்டொமைனில் (அதே டொமைனுக்குள் ஒரு கிளைப் பெயர்) வையுங்கள். இது எனக்கு மிகவும் தாமதமாகத் தெரிந்தது.

நான் புது சப்டொமைன் எடுத்து, கடைசி ஒரு வருடத்தில் வாங்கினவர்களிடம் மட்டும் போனில் நடந்ததைச் சொல்லி, மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். 386 பேர் சரி என்றார்கள். ஒரு நாளைக்கு இருபது, முப்பது என்று மெதுவாக அனுப்பி ஏற்றினேன். டீச்சரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போனது போச்சு, பாகல் வெதை இருக்குதா" என்று கேட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன், எதிர்த் தரப்பு பதிலே தரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கிறது. கட்டின தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி எங்கேயாவது மாட்டியிருந்தால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். முக்கியமாக, பணம் திரும்ப என்று போட்டிருக்கும் வெபினார் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். நான் பிடிக்கவில்லை. அந்த வரியை அவர்கள் அழித்துவிட்டார்கள். அப்போது என்னோடு சேர்ந்த யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், ஆணையத்தில் அதைத்தான் கேட்கிறார்கள்.