ஊத்துக்குளி வெண்ணெயா, டப்பா ஸ்ப்ரெட்டா?

ரெண்டு வருசமாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வெண்ணெய் இருந்த இடத்தில் கொழுப்பு குறைந்த ஸ்ப்ரெட் டப்பாதான் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியதும் மாற்றியது நான்தான். போன தைப்பொங்கலோடு மறுபடி ஊத்துக்குளி வெண்ணெய்க்கே வந்துவிட்டோம், அதனால் நான் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

ருசியில் வெண்ணெய், விரித்துத் தடவும் சுலபத்தில் ஸ்ப்ரெட். அதில் பேச ஒன்றுமில்லை.

இந்த ஸ்ப்ரெட்டுக்கு மூத்தது மார்கரின், வெண்ணெய் மாதிரியே செய்த கொழுப்பு, பழைய ஆள். 1869இல் பிரான்சில், மூன்றாம் நெப்போலியன் வெண்ணெய்க்கு மலிவான மாற்று கேட்டதால் மாட்டுக் கொழுப்பில் செய்தது. பிறகு தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கக் கற்றார்கள். அமெரிக்காவில் 1950களின் கடைசியில் அது வெண்ணெயையே முந்தியது. 1990களில், அப்படிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்று தெரியவந்ததும் மக்கள் மெல்ல வெண்ணெய்க்குத் திரும்பினார்கள். நம் ஊரில் ரொட்டியில் மார்கரின் தடவியவர்கள் குறைவு, அதே ஹைட்ரஜன் சங்கதி 1937இல் டால்டாவாக வந்து பலகாரச் சட்டியில் உட்கார்ந்தது. 2022 முதல் இந்தியாவில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் இன்றைய மார்கரினைப் பழைய கணக்கில் திட்டுவது நியாயமில்லை. நான் அதை ஒரே ஒரு கேக்கில்தான் போட்டிருக்கிறேன், கேக் நன்றாகவே வந்தது.

என்னை மாற்றியது நெய்தான். வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நான் வாங்கிய ஸ்ப்ரெட்டில் கொழுப்பு 40தான், பாதிக்கு மேல் தண்ணீர். பொங்கலன்று ஒப்புட்டு சுட நெய் போதவில்லை என்று அந்த டப்பாவையே தோசைக்கல்லில் போட்டேன். சடசடவென்று தெறித்து, தண்ணீர் வற்றி, கல்லில் ஒரு பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சியது. டப்பாவிலேயே சமையலுக்கு ஆகாது என்று போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன்.

மறுநாள் அம்மா ஊத்துக்குளியிலிருந்து ஒரு கிலோ எருமை வெண்ணெய் வாங்கி வந்தார். அடி கனமான சட்டி, சிறு தீ. முதலில் வெள்ளை நுரை பொங்கும், படபடவென்று சத்தம் கேட்கும், சத்தம் அடங்கும்போதுதான் கவனம் வேண்டும். "அம்மிணி, இப்பப் போடு" என்றதும் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டேன், கீரை மொறுமொறுவென்று ஆனதும் இறக்கிவிட்டோம். முக்கால் கிலோவுக்கு மேல் நெய் இறங்கியது. அடியில் நின்ற பழுப்புக் கசண்டில் சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து பிள்ளைகள் சட்டியைக் காலி செய்தார்கள். கிலோ விலையை மட்டும் பார்க்காமல், கையில் மிஞ்சும் கொழுப்புக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பாருங்கள், ஸ்ப்ரெட் அப்படியொன்றும் மலிவில்லை.

உடம்பு விசயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஸ்ப்ரெட் தின்ற காலத்தில் வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் இறங்கியது உண்மை, ஆனால் அதே காலத்தில்தான் மாத்திரையும் தினசரி நடையும் சேர்ந்தன. வெண்ணெயில் பாதி, கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. அதனால் இப்போது அவருக்கு மதியம் ஒரு டீஸ்பூன் நெய், அதுவும் நானே அளந்து ஊற்றுவது. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆடியில்.