யாழ்ப்பாணம் போகுமுன்: படிப்பதா, கேட்பதா?

மதுரையிலிருந்து கொழும்புக்கு டிக்கெட் போட்டதுமே வீட்டில் இரண்டு கட்சியாகிவிட்டோம். மனைவி நூலகத்திலிருந்து இலங்கை வரலாற்றுப் புத்தகம் எடுத்து வந்தாள். நான் இயர்போனை மாட்டிக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களின் ஆடியோ நேர்காணல்களைக் கேட்க ஆரம்பித்தேன். வீடியோக்களையும் ஒரு வாரம் பார்த்தேன். பாதிக்கு மேல் பின்னணி இசைதான். அதை விட்டுவிடலாம்.

புத்தகத்தின் பலம் தெரிந்ததுதான். 1948-ல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது, 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் என்று வருஷங்கள் வரிசையாக நிற்கும். சந்தேகம் வந்தால் பின்னால் புரட்டலாம். ஆடியோவில் அது நடக்காது. காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றும்போது கேட்ட தேதி, அடுத்த சுற்றுக்குள் கலைந்துவிடும்.

இருந்தும் என் ஓட்டு ஆடியோவுக்கே. காரணம் ஒன்றுதான்: காது பழகுகிறது. நாமும் தமிழ், அவர்களும் தமிழ், பிறகென்ன என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் நேர்காணல் பாதி புரியவில்லை. பேச்சின் வேகம் ஒரு பக்கம். காலத்தை அவர்கள் அளக்கும் விதமே வேறு. நாம் 'போர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதை அவர்கள் 'இந்தியன் ஆமி காலம்', 'தொண்ணூற்றைந்து இடம்பெயர்வு' என்று பிரித்துப் பேசுகிறார்கள். முதலாவது, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் போன நம் படை 1990 மார்ச்சில் திரும்பும்வரை. இரண்டாவது, 1995 அக்டோபர் கடைசியில் லட்சக்கணக்கான சனம் வீடு வாசலை விட்டு நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. புத்தகத்தில் அது ஒரு பத்தி. ஆடியோவிலோ, தாயைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிப்போன ஒருவர் சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று பேச்சை நிறுத்துகிறார். அந்த இடைவெளி அச்சில் வராது.

நல்லூரில் நாங்கள் தங்கிய வீட்டு அக்கா, "இந்தியாவில எவடம் தம்பி?" என்று ஆரம்பித்து, தேத்தண்ணி ஊற்றியபடியே, "இந்தியன் ஆமி காலத்தில மதிலுக்கு அங்கால பங்கர் வெட்டி இருந்தனாங்கள்" என்றார். எந்தக் காலம், எந்த ஆமி என்று குறுக்கே கேட்டு அவரை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. மதுரைக்காரன் வாயை மூடிக் கேட்டதே பெரிய விஷயம்.

மறுநாள் பொது நூலகத்தின் முன் நின்று, "இதை 83-ல கொளுத்தினாங்க" என்றேன்.

"ஏங்க, 81 மே கடைசி ராத்திரி. தமிழருக்கு எதிரான கலவரம்தான் 83" என்றாள் மனைவி. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போன தேதி எனக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிருந்தது.

இன்னொரு சிக்கல், குரல் நம்மை எளிதில் தன் பக்கம் இழுத்துவிடும். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியது, புத்தளத்தில் வாழும் ஒருவரின் பேச்சு தற்செயலாகக் கண்ணில் பட்டதால்தான் என் காதுக்கு வந்தது. சிங்களவர் பக்கத்தை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எபிசோடு கேட்டதோடு சரி. அதற்கும் ஆடியோவே போதும் என்று சொல்ல மாட்டேன்.

உண்மையில், மதுரை ஆனையூரில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமில் யாரிடமாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டுமே தோற்றிருக்கும். அந்த வழியாகத்தான் பல வருஷமாக வேலைக்குப் போகிறேன். இது தோன்றியது ஊர் திரும்பிய பிறகுதான்.